ஒரு மலை நகராட்சியின் கதை

கரீபியன் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில் 78 நகராட்சிகள் உள்ளன. நகரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் சேர்ந்ததே அங்கு ஒரு நகராட்சி. அவற்றுள் ஒன்றாகிய அட்ஹுந்தாஸைப் பற்றி நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

தீவின் நடுவிலுள்ள மலைத்தொடரில், 1815-ஆம் ஆண்டில் தோன்றியது இவ்வூர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கட்தொகை ஏறத்தாழ 18,000. அருகிலுள்ள மலைமுகடுகள், மல்லாந்து படுத்திருக்கும் மனிதனைப்போல் காட்சியளிப்பதால், ‘உறங்கும் பேருருவனின் ஊர்’ என இதனை அழைப்பர். குளிர்ந்த மலைச்சரிவுகளில் காப்பி பயிராகிறது.

மண்ணின் மேல் காப்பி விளைய, மண்ணின் அடியில் செம்பும் பொன்னும் இருந்தன. அவற்றைத் திறந்தவெளிச் சுரங்கங்கள் அமைத்து எடுப்பதற்கு 1960-களிலேயே திட்டங்கள் எழுந்தன. மலையைப் பிளந்தால் காடு அழியும், ஆற்றுநீர் கெடும், பயிரிடுவோர் நிலமிழப்பர். ஆகவே, 1980-ஆம் ஆண்டில் பொறியாளர் அலெக்சிஸ் மாசோலும் அவர்தம் துணைவியார் திந்தி தெயாவும் ஊரார் சிலரோடு கூடி எதிர்ப்பைத் தொடங்கினர். அவர்கள் முதலில் கூட்டிய கூட்டத்திற்கு ஒருவர்தாம் வந்தாராம்! அவர்கள் மனம் தளரவில்லை. இசையையும் நடனத்தையும் துணைக்கொண்டு மக்களை அழைத்தனர், மக்கள் திரண்டனர். இவ்வாறு வளர்ந்த அமைப்பே ‘காசா புவேப்லோ’, அதாவது மக்கள் இல்லம். 1995-இல் அரசாங்கம் சுரங்கத் திட்டத்தைக் கைவிட்டது. சுரங்கம் வரவிருந்த நிலம் 1996-இல் ‘மக்கள் காடு’ ஆயிற்று.

இத்தனை ஆண்டு முயற்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இதுவே நாம் கருத்தூன்ற வேண்டிய இடம். 1989 முதல் காசா புவேப்லோ தன் சொந்தப் பெயரிட்ட காப்பித்தூளை விற்று, அவ்வருவாயைப் பொதுப்பணிக்குச் செலவிட்டு வருகிறது. உழைத்து ஈட்டிய பொருள் கையிலிருந்தமையால், பிறர் விருப்பத்திற்கு வளைய வேண்டிய நிலை அதற்கு நேரவில்லை.

1999-இல் அவ்வில்லத்தின் கூரைமேல் சூரிய ஒளியால் மின்சாரம் தரும் தகடுகள் பொருத்தப்பட்டன. அதன் அருமை 2017 செப்டம்பர் 20-ஆம் நாள் விளங்கிற்று. அன்று வீசிய ‘மரியா’ புயலால் தீவு முழுவதும் இருளில் ஆழ்ந்தது. சில மலையூர்கள் மாதக்கணக்கில் விளக்கின்றி இருந்தன. சுவாசக் கருவியை நம்பியிருந்த நோயாளிகளுக்கு மின்சாரம் என்பது உயிரே அன்றோ! அந்நாட்களில் மக்கள் இல்லத்தில் விளக்கு எரிந்தது. ஊரார் அங்கு நாடி வந்தனர்.

அந்தப் பாடத்தை அவர்கள் மறக்கவில்லை. அறநிலையங்களின் உதவியுடன் அமைத்த சிறு மின்வலையை 2023 மார்ச்சில் தொடங்கினர். நகர்ச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள கடைகள் முதலிய 14 தொழில் நிலையங்கள் இதில் இணைந்துள்ளன. சுமார் 700 தகடுகள் பகலில் மின்கலங்களை நிரப்புகின்றன. தீவின் பொது மின்சாரம் தடைப்படின் இவ்வலை தனித்தியங்கும். இலாப நோக்கற்ற உள்ளூர் வணிகர் சங்கமே இதன் உடைமையாளர். மிஞ்சும் பணம் பராமரிப்புக்கும் ஊர்நலத்திற்கும் உரியது.

நன்கொடை ஒருமுறை வரலாம். அதனைப் பேணிக் காக்கும் பொறுப்பு உறுப்பினருடையதே. முதற்கூட்டத்திற்கு ஒருவரே வந்த ஊர் இன்று தன் மலையையும் காத்து, தன் விளக்கையும் தானே ஏற்றிக்கொண்டது. பொதுக்குழுவிற்கு வருவோர் குறைவென்று வருந்தும் சங்கங்கள் இதனை நினைவில் கொள்ளுமாக.