இறால் குளத்தில் கரைவது யார் சொத்து?

கடலைத் தொடாத மாவட்டம் நம்முடையது. ஆனாலும் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இறால் வந்து சேர்கிறது. அந்த இறால் வளர்ந்த குளத்தின் இடத்தில் முன்பு என்ன இருந்தது, அங்கே உழைத்தவர்கள் யார் என்று நாம் கேட்பதில்லை. கேட்டுப் பார்ப்போம்.

முதலில் மண். கோடையில் வற்றிய கண்மாயில் கரம்பை அள்ளி வயலுக்கு அடிக்கும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. அந்த மண்ணுக்கு வளம் தருவது மக்கிய இலை தழை. கடலோர அலையாத்திக் காட்டின் சேறும் இலை, வேர், வண்டல் என்று நூற்றாண்டுக் கணக்கில் படிந்து உருவானதுதான். நாளும் அலை ஏறி இறங்குவதால் அந்தச் சேறு எப்போதும் நனைந்தே கிடக்கும். உள்ளே காற்றுப் புகாது. அதனால் எதுவும் முழுதாக மக்குவதில்லை. மரங்கள் காற்றிலிருந்து எடுத்த கார்பன் சேற்றுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இந்தியப் பெருங்கடல், பசிபிக் கரைகளின் அலையாத்திக் காடுகளை அளந்து 2011இல் வெளியான ஆய்வு, ஹெக்டேருக்குச் சராசரியாகச் சுமார் 1,000 டன் கார்பன் இருப்பதாகச் சொன்னது. அதில் பெரும்பகுதி இருப்பது சேற்றில்தான்.

அங்கே இறால் குளம் வந்தால் என்ன ஆகும்? மரத்தை வெட்டி, சேற்றைத் தோண்டிக் கரை எழுப்புகிறார்கள். இறாலைப் பிடித்த பிறகு நோய் தங்காமலிருக்கக் குளத்தைக் காயவிடுகிறார்கள். காற்றுப் பட்டதும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. நூற்றாண்டுகளாகச் சேர்ந்தது சில ஆண்டுகளில் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. சேற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் காற்றோடு சேர்ந்து அமிலமாகின்றன. பிறகு அந்த மண் இறாலுக்கும் ஆகாது. குளத்தைக் கைவிட்டாலும், கரை அலையைத் தடுப்பதால் காடு தானாகத் திரும்புவது கடினம். இந்தோனேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், ஈக்வடார் நாடுகளில் இப்படி அழிந்த காடுகள் ஏராளம்.

தமிழ்நாட்டில் 1990களின் தொடக்கத்தில் இறால் நிறுவனங்கள் நாகப்பட்டினம் கடலோரத்துக்கு வந்தபோது, நெல் வயல்களும் ஊர்ப் பொது நிலங்களும் குளங்களாயின. நிலத்தை விற்றவர்கள் நிலவுடைமையாளர்கள். வேலையை இழந்தவர்கள் நிலமில்லாத தலித் தொழிலாளர்கள். நடவு, களை, அறுப்பு என்று ஊரே வேலை பார்த்த இடத்தில், காவலுக்கும் தீவனம் போடவும் சிலரே போதும் என்றானது. குளத்து உப்பு பக்கத்து வயலிலும் குடிநீர்க் கிணற்றிலும் இறங்கியது. விற்ற பணத்தில் ஒரு காசு சேரிக்கு வரவில்லை. உப்புத் தண்ணீர் மட்டும் வந்தது.

கூலிக்காகப் போராடிய தலித் மக்கள் 44 பேர் 1968 டிசம்பர் 25 அன்று எரித்துக் கொல்லப்பட்ட கீழவெண்மணி இருப்பதும் இந்தப் பகுதியில்தான். கூலி உயர்வு கேட்ட மக்களிடமிருந்து, பின்னாளில் கூலி வேலையையே பறித்தது இறால் குளம்.

எதிர்ப்பும் அங்கிருந்தே கிளம்பியது. தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் எஸ். ஜெகந்நாதனும் 1981இல் 'லாஃப்டி' அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் பெற்றுத்தந்தவர்கள். இறால் பண்ணைகளை எதிர்த்து மக்களோடு அறப்போராட்டம் நடத்திய ஜெகந்நாதன், உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. விளைநிலம், உப்பள நிலம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொது நிலம் எதையும் இறால் குளமாக மாற்றக் கூடாது என்றது நீதிமன்றம். இறாலால் வரும் வருமானத்தைவிட அதனால் ஏற்படும் இழப்பு அதிகம் என்ற 'நீரி' ஆய்வு நிறுவனத்தின் கணக்கும் அந்த வழக்கில் முன்வைக்கப்பட்டது.

ஆனால் 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றி, பதிவு செய்த பண்ணைகள் தொடர வழி செய்தது. விதி மீறினால் சிறை என்றிருந்ததை 2023இல் அபராதமாக மாற்றியது. மக்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்ற தீர்ப்பு, சட்டத்தால் மெலிந்துபோனது.

இன்று காலம் வேறு மாதிரி பேசுகிறது. அலையாத்திக் காட்டை மீண்டும் வளர்க்க 2023 மத்திய பட்ஜெட்டில் 'மிஷ்டி' திட்டம் அறிவிக்கப்பட்டது. சேற்றிலுள்ள கார்பனுக்கு உலகச் சந்தையில் விலை பேசுகிறார்கள். காடு திரும்புவதை நாம் வரவேற்கிறோம். நம் கேள்வி ஒன்றுதான்: கார்பனை டன் கணக்கில் எண்ணுகிறவர்கள், அந்தக் கரையில் கையால் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் பிச்சாவரம் இருளர் மக்களையும், வயலிழந்த தலித் மக்களையும் எண்ணுவார்களா? முன்பு இறாலுக்காக வேலி போட்டவர்கள், நாளை கார்பனுக்காக வேலி போடக் கூடாது. நடும் வேலையும் காக்கும் உரிமையும் வருமானத்தில் பங்கும் அந்த மக்களுக்கு எழுத்தில் வேண்டும்.

இது கடலோரக் கதை மட்டுமல்ல. கண்மாய், மேய்ச்சல் புறம்போக்கு, பஞ்சமி நிலம் எல்லாம் நம்மூரிலும் உண்டு. 'சும்மா கிடக்கும் நிலம்' என்று யாராவது சொன்னால், அந்த நிலத்தை நம்பி ஆடு மேய்ப்பவர் யார், விறகு எடுப்பவர் யார் என்று கேட்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'ஏ' பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாடு இருக்கிறது. படித்த பிள்ளைகள் அதைப் படித்து, ஊர்ப் பொது நிலங்களைப் பட்டியலிடலாம். அடுத்த கிராம சபையில் அந்தப் பட்டியலை வாசித்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லலாம். குளம் வெட்டிய பிறகு வழக்குப் போடுவதைவிட, வெட்டும் முன் ஊர் கேள்வி கேட்பது எளிது.