காஞ்சிபுரத்துத் துறவி, ஒற்றைக்கண் பொம்மை... ஜப்பானில் தமிழர்களின் புத்தாண்டு!

டோக்கியோவில் நள்ளிரவு 12 மணி அடிக்கும்போது சென்னையில் இரவு 8.30. இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது ஜப்பான் கடிகாரம். அதனால், அங்கே வாழும் தமிழர்களுக்குப் புத்தாண்டு இரண்டு முறை பிறக்கிறது. முதல் முறை, ஜன்னலுக்கு வெளியே. "ஹேப்பி நியூ இயர்மா" என்று போன் போட்டால், ஊரில் அம்மா அப்போதுதான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருப்பார். "அதுக்குள்ள பொறந்துடுச்சா?" என்பார். இரண்டாவது முறை, அதிகாலை 3.30 மணிக்கு. ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் வாழ்த்துகள் வரிசையாக வந்து விழும் நேரம் அது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மூன்றரை மணி நேரம்தான் கொஞ்சம் கனமானது. தூக்கம் வராது. 'வந்து எத்தனை வருஷம் ஆச்சு... இந்த வருஷமாவது செய்யணும்னு நினைச்சதைச் செய்வோமா?' என்று மனசு கணக்குப் பார்க்கும். வெளிநாட்டில் வாழும் யாருக்கும் புத்தாண்டு என்பது வெறும் கேக்கும் கொண்டாட்டமும் மட்டுமல்ல. அது வருடாந்தரக் கணக்கு முடிக்கும் நாளும்கூட!

அந்தக் கணக்கை எப்படி முடிப்பது, புதுக் கணக்கை எப்படித் தொடங்குவது என்பதற்கு ஜப்பானியர்களிடம் அழகான வழக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு நம் காஞ்சிபுரத்தோடு சம்பந்தம் உண்டு என்பதுதான் ஆச்சர்யம்.

ஊரே ஊருக்குப் போகும் நாள்

டோக்கியோவின் எதோகாவா பகுதியில் இருக்கிறது நிஷிகசாய். 2000-ம் ஆண்டை ஒட்டி கம்ப்யூட்டர் துறை வேலைக்காக வந்த இந்தியர்கள் குடியேறத் தொடங்கிய இடம். இன்று 'குட்டி இந்தியா' என்றே பெயர் வாங்கிவிட்டது. இந்திய மளிகைக் கடைகள், உணவகங்கள், அருகிலேயே இந்தியப் பள்ளிகள் என எல்லாம் உண்டு. தமிழ்க் குடும்பங்களும் கணிசமாக வசிக்கின்றன.

டிசம்பர் கடைசி வாரத்தில் இந்த நகரத்தின் முகமே மாறிவிடும். பொங்கலுக்கு முந்தைய நாள் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் எப்படியிருக்குமோ, அப்படி டோக்கியோ ரயில் நிலையம் நிரம்பி வழியும். ஜப்பானியர்களுக்குப் புத்தாண்டு என்பது குடும்ப விழா. அப்பா, அம்மா இருக்கும் சொந்த ஊருக்குப் போய்ச் சேர வேண்டிய நாள். 1873-ம் ஆண்டு ஆங்கில நாள்காட்டிக்கு மாறியதிலிருந்து ஜனவரி 1-தான் அவர்களுக்கு ஆண்டுப் பிறப்பு. அரசு அலுவலகங்கள் டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை இயங்காது. வங்கிகளுக்கும் டிசம்பர் 31-லிருந்து ஜனவரி 3 வரை விடுமுறை. குப்பை வண்டிகூட சில நாள்களுக்கு வராது!

எல்லோரும் ஊருக்குப் போய்விட, 'நம்ம ஊர் மட்டும் தூரத்துல இருக்கே' என்ற ஏக்கம் தமிழர்களுக்கு வருவது இந்த நாள்களில்தான். முதல் வருடம் வருபவர்கள் கடை திறந்திருக்காது என்பது தெரியாமல் திண்டாடுவதும் உண்டு. அனுபவசாலிகள் டிசம்பர் 30-க்குள் பால், காய்கறி, பணம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுவார்கள்.

போகி மாதிரி, ஆனால் போகி இல்லை!

டிசம்பர் மாதம் ஜப்பானிய வீடுகளில் நடப்பது 'ஓசோஜி'. அதாவது, பெரிய சுத்தம். பரண், ஜன்னல், அடுப்படி என மூலைமுடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவுவார்கள். போகிக்கு நம் வீடுகளில் நடக்கும் அதே அமர்க்களம். அலுவலகங்களிலும் அவரவர் மேசையை அவரவரே துடைப்பது வழக்கம்.

31-ம் தேதி இரவு 'சோபா' என்னும் நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். நீளமாக இருப்பதால் நீண்ட ஆயுள். சட்டென அறுந்துவிடுவதால் பழைய வருடத்தின் கஷ்டமும் அப்படியே அறுந்து போகும் என்பது நம்பிக்கை. சைவம் சாப்பிடுபவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். அதன் சாற்றில் பெரும்பாலும் காய்ந்த மீன் சேர்ந்திருக்கும்.

நள்ளிரவு நெருங்கும்போது பட்டாசுச் சத்தத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தால் ஏமாற்றம்தான். புத்த கோயில்களில் மணி ஒலிக்கும். 108 முறை. மனிதனை ஆட்டிவைக்கும் ஆசை, கோபம் போன்ற 108 குறைகளை ஒவ்வொன்றாக விரட்டுவதாக ஐதீகம். பல கோயில்களில் 107 முறை பழைய வருடத்திலும், கடைசி ஒரு முறை புது வருடத்திலும் அடிப்பார்கள். 108 என்ற எண் தமிழர்களுக்குப் புதிதா என்ன? அர்ச்சனையே 108-தானே!

வாழ்த்துச் சொல்வதிலும் ஒழுங்கு உண்டு. 12 மணிக்கு முன்பு, 'நல்லபடியாகப் புது வருடத்துக்குள் போய்ச் சேருங்கள்' என்ற பொருளில் ஒரு வாழ்த்து. 12 மணிக்குப் பிறகுதான் புத்தாண்டு வாழ்த்து. முந்தைய வருடத்தில் நெருங்கிய உறவினர் இறந்திருந்தால், அந்த வீட்டுக்குப் புத்தாண்டு வாழ்த்து அட்டை அனுப்ப மாட்டார்கள். அவர்களே முன்கூட்டி, 'இந்த வருடம் நாங்கள் துக்கத்தில் இருக்கிறோம்' என்று அட்டை அனுப்பிவிடுவார்கள். சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் பண்டிகை இல்லை என்று நாம் சொல்வதைப் போலவேதான்.

விடிந்ததும் முதல் சூரிய உதயம் பார்ப்பது, பிறகு கோயிலுக்குப் போவது. டோக்கியோவின் மெய்ஜி ஆலயத்துக்கு முதல் மூன்று நாள்களில் மட்டும் சுமார் 30 லட்சம் பேர் வருவார்கள். தள்ளுமுள்ளு இல்லை. வரிசை வரிசைதான். குழந்தைகளுக்குச் சின்ன உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். பொங்கல் காசு எண்ணிய கைகளுக்கு அது உடனே புரியும்!

கால்கள் இல்லாத காஞ்சித் துறவி

இனி அந்தப் பொம்மைக்கு வருவோம். 'தருமா' என்று பெயர். சிவப்பு நிறத்தில், உருண்டையாக, கை கால் இல்லாமல், முறைத்த முகத்தோடு இருக்கும். காகிதக் கூழில் செய்தது. அடியில் கனம் அதிகம். தள்ளிவிட்டால் ஆடிவிட்டு மறுபடி நிமிர்ந்து நிற்கும். நம் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையின் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம்.

'தருமா' வேறு யாருமல்ல, போதிதர்மர்தான். சூர்யா நடித்த '7ஆம் அறிவு' படத்தின் மூலம் 2011-ல் தமிழ்நாட்டில் வீடு வீடாகத் தெரிந்த அதே போதிதர்மர். தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அந்த ஊர் காஞ்சிபுரம் என்பது மரபாகச் சொல்லப்படுவது. வரலாற்று ஆய்வாளர்களுக்கு இடையே இதில் ஒரே கருத்து இல்லை. ஆனால் ஜென் பௌத்தத்தின் முதல் குருவாக ஜப்பான் அவரைக் கொண்டாடுகிறது. சீனாவில் ஒன்பது வருடங்கள் சுவரைப் பார்த்தபடியே தியானம் செய்ததால் கால்கள் செயலிழந்தன என்பது கதை. அதனால்தான் பொம்மைக்குக் கால்கள் இல்லை.

டோக்கியோவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில், குன்மா மாகாணத்தில் இருக்கிறது தகாசாகி நகரம். புல்லட் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஜப்பானின் தருமா பொம்மைகளில் பெரும்பகுதி இங்கேதான் தயாராகிறது. இங்குள்ள ஷோரின்சான் தருமாஜி கோயிலில்தான் கதை தொடங்கியது. 1783-ல் பக்கத்திலிருந்த அசாமா எரிமலை வெடித்தது. அந்தக் காலகட்டத்தில் கொடும் பஞ்சம். விவசாயிகள் பிழைக்க வழியில்லாமல் தவித்தபோது, கோயிலின் ஒன்பதாவது தலைமைத் துறவி மர அச்சு செய்து, காகிதத்தில் தருமா பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். பஞ்சம் பிழைக்கக் கற்ற கைத்தொழில் இன்று ஊரின் அடையாளம்.

ஒரு கண்... ஒரு வாக்கு

கடையில் வாங்கும்போது தருமாவுக்குக் கண்மணிகள் இருக்காது. இரண்டு வெள்ளை வட்டங்கள் மட்டும்தான். இந்த வருடம் எதைச் சாதிக்க வேண்டும் என்று மனதில் முடிவு செய்துகொண்டு, பொம்மையின் இடது கண்ணில் கறுப்பு மையால் கண்மணி வரைய வேண்டும். நினைத்தது நடந்ததும் வலது கண். தேர்தலில் ஜெயித்த ஜப்பானிய அரசியல்வாதிகள் பெரிய தூரிகையால் தருமாவுக்குக் கண் வரையும் காட்சி அங்கே டி.வி-யில் வழக்கமானது.

வருடம் முடிந்ததும் பொம்மையைக் கோயிலில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். குவியலாகச் சேர்த்து, நன்றி சொல்லி எரிப்பார்கள். நினைத்தது நடக்காவிட்டாலும், ஒரு வருடம் துணை இருந்ததற்கு நன்றி சொல்லிக் கொடுத்துவிட்டு, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்பவர்கள் உண்டு. 'ஏழு முறை விழுந்தால் எட்டாவது முறை எழு' என்பது இந்தப் பொம்மையோடு சேர்த்துச் சொல்லப்படும் ஜப்பானியப் பழமொழி.

'புத்தாண்டுச் சபதம்' என்றதும் ஒரு நோட்டில் 10 விஷயங்கள் எழுதி, பிப்ரவரியில் நோட்டையே தொலைக்கும் நமக்கு, இந்தப் பொம்மையில் கற்றுக்கொள்ள மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்றே ஒன்று: ஒரு பொம்மைக்கு ஒரு விருப்பம்தான். ஜிம், சேமிப்பு, ஜப்பானிய மொழி, புது வேலை என எல்லாவற்றையும் ஒரே கண்ணில் வரைய முடியாது.

கண்ணில் படும் இடம்: தருமாவைப் பெட்டிக்குள் வைப்பதில்லை. அலமாரி மேலோ, மேசை மேலோ வைப்பார்கள். தினமும் ஒற்றைக் கண்ணால் அது உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும்!

முடிவு நாள்: ஒரு வருடம்தான். 'எப்போதாவது செய்வேன்' என்பதற்குத் தருமாவிடம் இடமில்லை.

வெளிநாட்டு வாழ்க்கைக்கு இந்த முறை கச்சிதமாகப் பொருந்துகிறது. உதாரணமாக, 'ஜப்பானிய மொழி கத்துக்கணும்' என்பது ஆசை. 'ஜூலையில் நடக்கும் மொழித் தேர்வில் என்4 நிலையைத் தாண்டணும்' என்பது இலக்கு. ஜப்பானில் இந்தத் தேர்வு ஜூலை, டிசம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. என்5 எளிது, என்1 கடினம். ஜூலையில் தவறினாலும் டிசம்பர் இருக்கிறது. விழுந்தாலும் எழுந்திரிக்க அதே வருடத்தில் இன்னொரு வாய்ப்பு!

'அடுத்த வருஷம் வர்றேன்ப்பா'

வெளிநாட்டில் இருப்பவர்களின் இலக்குகளில் பாதி, காகிதம் சம்பந்தப்பட்டவை. விசா நீட்டிப்பு, வீட்டுக்கடன், நிரந்தர வசிப்புரிமை. ஜப்பானில் நிரந்தர வசிப்புரிமைக்குப் பொதுவாக 10 வருடங்கள் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். இவற்றில் சிலவற்றுக்குக் கடைசித் தேதி உண்டு. அதனால் எப்படியாவது நடந்துவிடும்.

கடைசித் தேதி அச்சிடப்படாத இலக்குகள்தான் சிக்கல். 'அப்பாவைக் கண் ஆபரேஷனுக்கு நானே கூட்டிட்டுப் போகணும்', 'அம்மாவை ஒரு தடவை இங்க கூட்டிட்டு வந்து சகுரா பூ காட்டணும்', 'பசங்களுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தரணும்'. ஒவ்வொரு ஜனவரியிலும் இவை பட்டியலில் ஏறும். ஒவ்வொரு டிசம்பரிலும் 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று இறங்கும். போனில் "சரிப்பா, உனக்கு லீவு கிடைக்கும்போது வா" என்று சொல்லும் குரலுக்கும் வருடத்துக்கு ஒரு வயது கூடுகிறது.

தருமாவின் முதல் கண்ணை எதற்கு வரையலாம் என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. யாரும் கெடு வைக்காத, ஆனால் காலம் தாழ்த்தவே முடியாத ஒரு விஷயத்துக்கு வரையலாம். தேதியைக் குறித்து, விடுமுறைக்கு விண்ணப்பித்து, டிக்கெட் போட்டுவிட்டால் பாதிக் கண் வரைந்தாகிவிட்டது. பெற்றோரை அழைத்து வருவதென்றால், உறவினரைப் பார்க்க வருவோருக்கு 90 நாள்கள் வரை தங்கும் குறுகிய கால விசா இருக்கிறது. சகுரா பூக்கும் மார்ச் கடைசிக்கு வரவேண்டுமென்றால், காகித வேலையை ஜனவரியிலேயே தொடங்கிவிடலாம்.

இன்னொரு ஜனவரி வாய்ப்பு

ஜனவரி 1-ல் தொடங்க முடியவில்லையா? கவலை வேண்டாம். ஜப்பானில் ஜனவரி 15-ஐ ஒட்டி 'சின்னப் புத்தாண்டு' ஒன்று உண்டு. சிவப்புப் பயறு சேர்த்த அரிசிக் கஞ்சி சாப்பிடுவார்கள். புத்தாண்டு அலங்காரங்களைக் குவித்துத் தீமூட்டுவார்கள். போகியும் பொங்கலும் நினைவுக்கு வருகிறதா? தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்ட மொழியியல் அறிஞர் சுசுமு ஓனோவும் இந்த ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார். அவருடைய மொழி உறவுக் கருத்தைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஆனால், நிஷிகசாய் அடுக்குமாடியில் மின்சார அடுப்பின் மேல் குக்கரில் பொங்கல் வைக்கும் குடும்பத்துக்கு, அதே வாரத்தில் பக்கத்து வீட்டிலும் அரிசிக் கஞ்சி கொதிக்கிறது என்பதே பெரிய ஆறுதல்!

தை பிறந்தால் வழி பிறக்கும். தருமாவுக்கு ஒரு கண் பிறந்தாலும்தான். மறு கண்ணுக்கு இன்னும் 12 மாதங்கள் இருக்கின்றன. அதற்கு முன்பு, இன்று இரவு ஊருக்கு ஒரு போன் போட்டுத் தேதியைச் சொல்லிவிடலாம். 'அடுத்த வருஷம்' என்று இல்லை. மாதமும் தேதியுமாக!