வாடகை வீட்டைத் திருத்துவோர்க்கு

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில், மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கவிருக்கும் வீட்டை அதுவரை வாடகைக்கு விடுவோர் உண்டு. அதனைத் திருத்தும் செலவு கைமீறினால் கலியாணமும் தள்ளிப்போகும்.

2022ஆம் ஆண்டில் சீமெந்தின் விலை தாறுமாறாக ஏறிற்று. பொருளும் கூலியும் சேர்த்து ஒரே தொகைக்கு உடன்பட்ட கொந்தராத்துக்காரர் என் செய்வார்? பொருளை நாமே வாங்கிக் கூலியை மட்டும் பேசுவதே இருவருக்கும் நலம். கூலியையும் வேலை முடிய முடியக் கொடுத்தல் வேண்டும். மூட்டைக் கணக்கை வீட்டிலுள்ள மாணவர் எழுதட்டுமே!

கடற்கரை மணல் மலிவுதான். ஆயினும் அதன் உப்பு கொங்கிறீற்றினுள் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பி பருத்து மேற்றளத்தை வெடிக்கவைக்கும். ஆற்று மணல் இறங்கும்போது வீட்டுக்காரர் அருகில் நிற்பது நன்று.