கேஸ் அடிப்பது கடைசி வேலை

மே மாத வெயிலில், ஏசி போட்ட அம்பாசிடரில் முன்சீட்டுக்காரருக்கு முட்டி மட்டும் சில்லென்றிருக்கும். பின்சீட்டுக்காரர் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருப்பார். சிக்னலில் நின்றால் அந்தச் சில்லிப்பும் போய்விடும். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: "கேஸ் கம்மியா இருக்கு சார், அடிச்சுரலாம்." அடித்ததும் கொஞ்ச நாள் பரவாயில்லை என்று தோன்றும்; பிறகு பழைய கதைதான்.

பழைய காரில் கூலிங் குறையக் கேஸும் ஒரு காரணம்தான். ஆனால் உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ள முடியாமல் போவதும், வெளிச்சூடு ஓயாமல் உள்ளே வருவதும் அதைவிடப் பெரிய காரணங்கள். இந்த இரண்டையும் சரிசெய்ய ஆகும் செலவு குறைவு. அதனால் முதலில் அவற்றைப் பார்த்துவிட்டு, கேஸ் பாட்டிலைக் கடைசியில் தொடுவது நல்லது.

ஏசி செய்யும் வேலை

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கூலிங் காயிலில் திரவமாக நுழையும் கேஸ், காரின் உள்காற்றிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்திச் சூடேற்றி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்ஸருக்கு அனுப்புகிறது. அங்கே வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு அது மீண்டும் திரவமாகிறது. பிறகு ஈரத்தை உறிஞ்சும் டிரையர் வழியாக எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு வந்து, அழுத்தம் குறைந்து, மறுபடி காயிலுக்குள் நுழைகிறது.

உள்ளே எடுத்த வெப்பத்தோடு கம்ப்ரஸர் சேர்த்த வெப்பத்தையும் கண்டென்ஸர்தான் வெளியேற்ற வேண்டும். அது தடுமாறினால் கேஸ் முழுதாகத் திரவமாகாது. காயிலுக்குப் பாதி ஆவியாகவே போய்ச் சேரும். புதுக் கம்ப்ரஸர் போட்டாலும் அப்போது கூலிங் வராது.

கடற்கரை ஊர்களில் இன்னொரு சுமையும் உண்டு. காரிலிருந்து சொட்டும் தண்ணீர் முழுவதும் காற்றின் ஈரப்பதத்திலிருந்து பிரித்தெடுத்தது. ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரிக்க மட்டும் ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைக் காயில் வாங்கியாக வேண்டும். அதே 36 டிகிரியில் மதுரையைவிடச் சென்னையில் அதே ஏசி திணறுவதன் காரணம் இது.

பழைய வண்டியின் பாடு

அம்பாசிடர் 1950களின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டது. பிரீமியர் பத்மினி, பியட் 1100ஐ. இரண்டும் நம்மைவிடக் குளிர்ந்த நாடுகளில் வரைந்த வண்டிகள். ஏசிக்கென்று அவற்றில் இடம் ஒதுக்கவில்லை. நம்மூரில் ஓடும் பலவற்றில் ஏசி கிட் பிற்பாடு வெளியே வாங்கிப் பொருத்தியது. கிரில்லுக்குப் பின்னால் கிடைத்த இடத்தில் ஒரு கண்டென்ஸர், டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

1089 சிசி பத்மினி எஞ்சினின் சக்தி சுமார் 40 குதிரைத்திறன். அதில் 3 முதல் 5 வரை கம்ப்ரஸர் எடுத்துக்கொள்ளும். மின்சாரமும் தட்டுப்பாடுதான். டைனமோ உள்ள பழைய வண்டிகளில் கிடைப்பதே 20 ஆம்பியரை ஒட்டித்தான், அதுவும் எஞ்சின் நன்றாகச் சுற்றும்போது. புளோயர், கண்டென்ஸர் பேன், கம்ப்ரஸர் கிளட்ச் மூன்றும் சேர்ந்தே அந்த அளவை எட்டிவிடும். ஹெட்லைட்டும் எரிந்தால் பேட்டரி கரையத் தொடங்கும். டைனமோவை ஆல்டர்னேட்டராக மாற்றுவது இத்தகைய வண்டிகளில் ஏசி வேலையின் முதல் படி.

நீங்களே பார்க்கலாம்

ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி அதன் முனையை நடு வென்ட்டில் செருகுங்கள். வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினை 1500 ஆர்.பி.எம். வேகத்தில் 10 நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு சாலையில் ஓட்டியும், சிக்னலில் நின்றும் பாருங்கள். எண்ணைவிட, அது எப்போது ஏறுகிறது என்பது முக்கியம்.

ஓடும்போது நல்ல கூலிங், நின்றால் சூடு என்றால் கண்டென்ஸருக்குக் காற்று போதவில்லை. முதல் அரைமணி நேரம் சில்லென்று இருந்து, பிறகு காற்றே மெலிந்துபோனால் காயிலில் ஐஸ் கட்டுகிறது. வென்ட்டில் 9 டிகிரி காட்டியும் கார் குளிரவில்லை என்றால், ஒன்று காற்றின் அளவு குறைவு, அல்லது வெளிச்சூடு உள்ளே வருகிறது. எந்த நிலையிலும் குளிரவே இல்லை என்றால்தான் கேஸ், கம்ப்ரஸர், வால்வ் பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

கண்டென்ஸரும் பேனும்

கண்டென்ஸருக்குக் காற்று போதவில்லையா என்று அறிய ஒரு சோதனை உண்டு. வண்டியை ஐடிலில் விட்டு ஏசியைப் போட்டு, ஒருவர் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் கிரில் வழியாகக் கண்டென்ஸர் மேல் பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஓரிரு நிமிடத்தில் வென்ட் வெப்பம் நான்கைந்து டிகிரி இறங்கினால் பழி கண்டென்ஸர் மேல்தான். கேஸைத் தொட வேண்டாம்.

முதலில் சுத்தம். கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே பூச்சி, சருகு, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிய தூசு ஆகியவை பாய்போலப் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் இது தெரியாது. போல்ட்டைத் தளர்த்தி இடைவெளி உண்டாக்கி, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி மெதுவான நீரால் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகப் பிடித்தால் பின்கள் (மெல்லிய தகடுகள்) மடங்கிக் காற்றுவழி அடைபடும்.

அடுத்தது பேன். கண்டென்ஸருக்கு முன்னால் வைக்கும் பேன் காற்றை எஞ்சின் நோக்கித் தள்ள வேண்டும். வயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் அது எதிர்ப்பக்கம் சுற்றி, எஞ்சின் பேனோடு மல்லுக்கு நிற்கும். ஏசியைப் போட்டுவிட்டு, ஒரு தாளைக் கிரில் அருகே விரல் படாத தூரத்தில் பிடியுங்கள். தாள் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து விலகினால் வயரை மாற்றச் சொல்லுங்கள்.

ரேடியேட்டர் பேனைச் சுற்றிக் கூடுபோன்ற தகரக் கவசம் இல்லையென்றால் செய்து போடுங்கள். கவசம் இருந்தால் பேன் முழு ரேடியேட்டர் வழியாகவும் காற்றை இழுக்கும். இல்லையென்றால் இறக்கைக்கு நேரே உள்ள பகுதியில் மட்டும்தான். கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலான பக்கவாட்டு இடைவெளிகளை ரப்பர் ஷீட்டால் மூடினால், எஞ்சின் அறையின் சூடான காற்று சுற்றி வந்து மறுபடி கண்டென்ஸருக்குள் நுழையாது. ஒரு நாள் வேலைதான், ஆனால் சிக்னலில் நிற்கும்போது வித்தியாசம் தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால் கண்டென்ஸரையே மாற்றலாம். ஒரே குழாய் வளைந்து வளைந்து போகும் பழைய வகைக்குப் பதில், பல மெல்லிய தட்டைக் குழாய்கள் இணையாக ஓடும் பேரலல் ஃப்ளோ வகையை, இடம் கொள்ளும் அளவுக்குப் பெரிதாகப் போடுங்கள். இன்று பயன்படும் ஆர்-134ஏ கேஸுக்கு அதுவே தோது.

புளோயரும் காயிலும்

புளோயர் மெதுவாகச் சுற்றினால் மோட்டாரை மாற்றும் முன் அதன் முனையில் வோல்ட் அளந்து பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.5 வோல்ட் இருந்து, மோட்டாரில் 11 மட்டுமே வந்தால், பழைய சுவிட்சும் மெல்லிய வயரும் மீதியைத் தின்கின்றன. பேட்டரியிலிருந்து ப்யூஸோடு தனி வயர் இழுத்து ரிலே போட்டால் காற்று உடனே கூடும்.

காயில் பெட்டியைக் கழற்றினால் பின்களின் மேல் கம்பளிபோல் தூசு படிந்திருப்பதைப் பார்க்கலாம். பில்டர் இல்லாத பழைய பெட்டிகளில் இது சகஜம். சுத்தம் செய்யும்போது தண்ணீர் வடியும் டிரெயின் குழாயையும் ஊதிப் பாருங்கள். ஐஸ் கட்டும் பிரச்சினைக்கு, பின்களுக்கு நடுவே செருகியிருக்கும் தெர்மோஸ்டாட் முனை நழுவியிருப்பது முக்கியக் காரணம். காயில் உறையும் முன் கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்வது அதன் வேலை.

வெளிக்காற்று வரும் வழியை மூடி, உள்காற்றையே சுழலவிட வேண்டும். ஹீட்டர் உள்ள வண்டிகளில் சுடுதண்ணீர் வால்வ் முழுதாக மூடுகிறதா என்று ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். அது கசிந்தால் ஒரே பெட்டியில் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும்.

சூட்டுக்குக் கதவடைப்பு

இரவில் பானெட்டுக்குள் பிரகாசமான டார்ச்சை ஏற்றி வைத்து, உள்ளே டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்து பாருங்கள். கிளட்ச், ஆக்சிலரேட்டர், வயரிங் போகும் துளைகளில் வெளிச்சம் தெரியும். வெளிச்சம் வரும் இடமெல்லாம் எஞ்சின் சூடும் வரும். ரப்பர் குரோமெட் போட்டு அடைத்துவிடுங்கள். கதவை ஒரு ரூபாய் நோட்டின் மேல் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் அந்த இடத்து பீடிங் போய்விட்டது.

எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடைப்பட்ட தகரத்திலும் தரையிலும் வெப்பத்தடுப்பு ஷீட் ஒட்ட வேண்டும். உச்சிவெயில் ஒரு சதுர மீட்டரில் கொட்டும் சக்தி ஏறக்குறைய 1000 வாட். அம்பாசிடரின் அகலமான கூரை அதை நேராக வாங்குகிறது. உள்கூரைத் துணியைக் கழற்றும் வேலை எப்போதாவது வந்தால், அதற்கு மேலேயும் ஒரு அடுக்கு ஒட்டச் சொல்லுங்கள். கண்ணாடியில் கறுப்பு பிலிம் ஒட்டுவதற்கு 2012இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. விதிப்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை விட வேண்டும். நிறுத்தும்போது போடும் வெயில் மறைப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை. வெயிலில் நின்ற வண்டியை எடுத்தால் முதல் இரண்டு நிமிடம் கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள். உள்ளே தேங்கிய சூட்டைக் காற்றே இலவசமாக வெளியேற்றிவிடும்.

இப்போது கேஸ்

பழைய ஏசிகள் ஆர்-12 கேஸுக்காகச் செய்தவை. ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி அது படிப்படியாக விலக்கப்பட்டது. இந்தியாவிலும் 2010இலிருந்து இல்லை. அதன் இடத்துக்கு வந்தது ஆர்-134ஏ. பழைய சிஸ்டத்தில் அப்படியே அதை அடிக்கக் கூடாது. ஆர்-12 காலத்து மினரல் ஆயிலோடு அது கலக்காது. ஆயில் கம்ப்ரஸருக்குத் திரும்பாமல் வழியில் தங்கிவிட, கம்ப்ரஸர் வறண்டு தேயும். அதனால் பழைய ஆயிலை வடித்து எஸ்டர் ஆயில் ஊற்றி, டிரையரையும் ஓ-ரிங்குகளையும் புதிதாகப் போட வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் வழியாகப் புதுக் கேஸ் மெல்லக் கசியும். உள்ளே நைலான் படலம் உள்ள பேரியர் ஹோஸ் வேண்டும்.

கேஸ் குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது. நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி இணைப்பு இணைப்பாகத் தேடச் சொல்லுங்கள். பிறகு குறைந்தது அரைமணி நேரம் வாக்யூம் போட வேண்டும். அந்த வெற்றிடத்தில் உள்ளே இருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து வெளியேறும். பம்ப்பை நிறுத்திய பிறகு கால்மணி நேரம் மீட்டர் முள் நகராமல் நிற்க வேண்டும்.

கேஸை எடை போட்டு ஏற்றுவதே முறை. ஆர்-12 இருந்த எடையில் 80 சதவீதத்தில் தொடங்குவது வழக்கம்: 800 கிராம் கொண்ட சிஸ்டத்துக்கு 640. டிரையர் தலையில் உள்ள கண்ணாடியில் குமிழி மறையும்வரை அடிப்பது ஆர்-12 காலத்துப் பழக்கம். ஆர்-134ஏவில் அப்படிச் செய்தால் அளவு மிஞ்சிவிடும். மிஞ்சினாலும் கூலிங் குறையும்.

வெளியே 35 டிகிரி இருக்கும்போது 1500 ஆர்.பி.எம்.மில் லோ சைடு (காயில் பக்க அழுத்தம்) 30 முதல் 40, ஹை சைடு (கண்டென்ஸர் பக்க அழுத்தம்) 200 முதல் 250 பி.எஸ்.ஐ. என்பது நல்ல நிலை. இரண்டும் குறைவு என்றால் கேஸ் இல்லை. இரண்டும் அதிகம் என்றால் கண்டென்ஸருக்குக் காற்று இல்லை, அல்லது கேஸ் கூடிவிட்டது. லோ கூடி ஹை குறைந்தால் கம்ப்ரஸர் தளர்ந்திருக்கிறது. லோ சைடு வெற்றிடத்துக்கே இறங்கினால் வால்வில் அடைப்பு.

மலிவு என்று சமையல் கேஸ் வகையறாவை ஏற்ற யாராவது முன்வந்தால் வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள். காயில் கசிந்தால் தீப்பிடிக்கும் வாயு உட்காரும் இடத்திலேயே நிறையும். பேர் தெரியாத டப்பா கேஸும் வேண்டாம். மெத்தில் குளோரைடு கலந்த போலிக் கேஸ் அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே பற்றும் பொருளை உண்டாக்கும். 2011இல் குளிர்சாதனக் கப்பல் கன்டெய்னர்கள் வெடித்து உயிர்கள் போனது இதனால்தான்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

வெளியே 38 டிகிரி இருக்கும்போது, ஓடும் அம்பாசிடரின் வென்ட்டில் 8 முதல் 12, சிக்னலில் 15 டிகிரி வந்தால் திருப்தி அடையலாம். நிற்கும்போது எஞ்சின் அமுங்கினால், ஏசி போட்டதும் ஐடிலைச் சற்று ஏற்றும் சோலனாய்டு ஒன்று பொருத்தினால் கம்ப்ரஸரும் வேகம் எடுக்கும். ஏசி ஓடும்போது டெம்பரேச்சர் முள் ஏறினால் முதலில் ரேடியேட்டரைச் சுத்தம் செய்யுங்கள். முன்னால் நிற்கும் கண்டென்ஸரின் சூடு முழுவதும் அதன் மேல்தான் விழுகிறது.

வேலை முடிந்ததும் ஒன்றை மறக்க வேண்டாம். எந்தக் கேஸ், எத்தனை கிராம், எந்த ஆயில், எந்தத் தேதி என்று ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் மெக்கானிக் எடை போடாமல் அடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். எழுதி ஒட்டியிருந்தால், அடுத்த கோடையில் வண்டியைத் தொடுபவர் ஊகத்தில் கேஸ் அடிக்க வேண்டியிருக்காது.