யிட்டிஷ்: சாட்சிக் கூண்டில் இடம் கிடைக்காத மொழி

1946 பிப்ரவரி 27 அன்று நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில், சோவியத் தரப்புச் சாட்சியாக யூதக் கவிஞர் அப்ரஹாம் சுட்ஸ்கெவர் நின்றார். தம் மக்களின் மொழியான யிட்டிஷில் சாட்சியமளிக்கவே அவர் விரும்பினார். ஆனால் ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் ஆகிய நான்கு மொழிகளிலேயே விசாரணை நடைபெற்றதால், ரஷ்ய மொழியில் பேச நேர்ந்தது. குற்றஞ்சாட்டப்பட்டோருக்குப் புரியும் மொழியில் விசாரணை நடத்தத் தீர்ப்பாயச் சாசனத்தின் 16ஆம் பிரிவு உறுதியளித்திருந்தது. அது நியாயமே. கொல்லப்பட்டோரின் மொழிக்கு அத்தகைய உறுதி எதுவும் இல்லை.

யிட்டிஷ் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ரைன் நதிக்கரை யூதர்களிடையே உருவான மொழி. அதன் அடித்தளம் ஜெர்மானியம், எழுத்து எபிரேயம். இரண்டாம் உலகப்போருக்கு முன் ஒரு கோடிக்கும் அதிகமானோர் அதைப் பேசினர். ஆயினும் வேதமொழியாகிய எபிரேயமே உயர்ந்தது, வீட்டிலும் சந்தையிலும் புழங்கும் யிட்டிஷ் வெறும் கொச்சை எனக் கற்றோர் பலர் இகழ்ந்தனர். அதற்கு மறுப்பாக, 1908இல் செர்னோவிட்ஸ் மாநாடு அதனை யூத மக்களின் ஒரு தேசிய மொழி என அறிவித்தது. 1925இல் வில்னா நகரில் யீவோ ஆய்வு நிறுவனம் தோன்றியது. அதன் தன்னார்வலர்கள் ஊர்தோறும் பழமொழிகளையும் பாடல்களையும் நாடகச் சுவரொட்டிகளையும் திரட்டினர். எளியோரின் வாழ்வும் வரலாற்று ஆவணமே என்பது அவர்களின் துணிபு.

1941இல் நாஜிகள் வில்னாவைக் கைப்பற்றி, யூதர்களைக் கெட்டோ எனும் அடைப்புப் பகுதிக்குள் தள்ளினர். யீவோ கட்டடம், கொள்ளையடித்த நூல்களைத் தரம்பிரிக்கும் இடமாயிற்று. ஒரு பகுதி ஜெர்மனிக்கு. எஞ்சியது காகித ஆலைக்கு. அப்பணியில் அமர்த்தப்பட்ட சுட்ஸ்கெவரும் தோழர்களும் ஏடுகளை ஆடைக்குள் மறைத்துக் கெட்டோவுக்குள் கடத்திப் பதுக்கினர். 'காகிதப் படை' எனப்பட்ட அவர்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். 1944இல் நகரம் மீட்கப்பட்டதும் திரும்பிய சுட்ஸ்கெவர், புதைத்தவற்றைத் தோண்டியெடுத்தார்.

நாஜிகள் வந்தபோது வில்னாவில் சுமார் 80,000 யூதர்கள் இருந்தனர். அவர்கள் வெளியேறியபோது எஞ்சியோர் சுமார் 600 பேர் எனத் தீர்ப்பாயத்தில் அவர் கூறினார். தம் பச்சிளம் குழந்தை கொல்லப்பட்டதையும் சொன்னார். இருக்கையில் அமர மறுத்து, நின்றபடியே சாட்சியமளித்தார்.

ஆவணமின்றி வழக்கு நிற்பதில்லை என்பதைச் சட்டத்துறையில் இயங்கும் நாம் அன்றாடம் காண்கிறோம். ஆகவேதான் காகிதப் படை உயிரைப் பணயம் வைத்ததன் பொருள் நமக்கு விளங்குகிறது. ஆனால் ஆவணத்தைக் காப்பதோடு பணி முடிவதில்லை. பாதிக்கப்பட்டவர் தம் மொழியிலேயே பேசவும், அதை மொழிபெயர்த்துக் கேட்கும் கடமையை நீதிமன்றம் ஏற்கவும் வேண்டும். நியூரம்பர்க்கில் அக்கடமையின் சுமை சாட்சியின் தலையிலேயே விழுந்தது.