உதவிப் பணமும் களத்து நெல்லும்

கார்த்திகையும் மார்கழியும் நெற்கமக்காரர் வீட்டில் நெருக்கடி மிகுந்த மாதங்களாகும். வயல் பச்சைப்பசேலென நிற்கும். வீட்டிலோ சென்ற போகத்து நெல் தீர்ந்து மூடைகள் வெறுமையாகியிருக்கும். கைப்பணம் உழவுக்கும் விதைக்கும் சென்றிருக்கும். அடுத்த பசளைக்குப் பணம் தேடவேண்டும். தை பிறந்ததும் பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கொப்பிகள் வாங்கவேண்டும். அறுவடைக்கோ இன்னும் பல வாரங்கள் உள.

இந்நிலையில் வறிய குடும்பத்திற்கு நான்கு வழிகளே எஞ்சுகின்றன. கடையிற் கடனுக்குச் சாமான் எடுத்தல் ஒன்று. நகையை ஈடு வைத்தல் மற்றொன்று. விளையப்போகும் நெல்லின்மேல் வியாபாரியிடம் முற்பணம் பெறுதல் மூன்றாவது. தன் வயலிற் களை பிடுங்கவேண்டிய நாளிற் பிறர் வயலுக்குக் கூலிக்குச் செல்லுதல் நான்காவது. இந்நான்கும் அன்றைய பசியைத் தீர்ப்பன. எனினும், அவற்றின் விலை அறுவடையின்போது களத்திலே கொடுக்கப்படுகின்றது. கடன் கொடுத்தவர் சூடு மிதிக்கும் நாளிலே வந்து நிற்பார். நெல் காயுமுன்னரே விலைபோகும்.

அரசாங்கம் வறிய குடும்பங்களுக்கு நேரடியாக வழங்கும் பணத்தின் உண்மைப் பயனை இவ்விடத்திலேயே நோக்கவேண்டும். அப்பணம் எத்தனை கொத்து அரிசி வாங்கும் என்பது மட்டும் கணக்கன்று. இந்நான்கு வழிகளுள் எதனை அக்குடும்பம் தவிர்க்க முடிந்தது என்பதே மெய்யான கணக்காகும்.

அரிசிப் பங்கீட்டிலிருந்து வங்கிக் கணக்கு வரை

இலங்கையில் இவ்வகை உதவி புதியதன்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942 ஆம் ஆண்டில், அரிசிப் பங்கீடு தொடங்கிற்று. அது பல ஆண்டுகள் நீடித்தது. 1979 இல் அதற்குப் பதிலாக உணவு முத்திரைகள் வழங்கப்பட்டன. 1989 இல் சனசவிய திட்டமும், 1995 இல் சமுர்த்தித் திட்டமும் தொடங்கப்பெற்றன. 2023 யூலை முதல் அஸ்வெசும என்னும் நலன்புரித் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

அஸ்வெசும திட்டத்திலே குடும்பங்கள் நான்கு பிரிவாக வகுக்கப்பட்டன. 2023 இல் அப்பிரிவுகளுக்கு மாதந்தோறும் முறையே 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா வரை வழங்கப்பட்டது. 2025 சனவரியில் வறியோர் பிரிவுக்குரிய தொகை 10,000 ரூபாவாகவும், மிக வறியோர் பிரிவுக்குரிய தொகை 17,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. கல்வி, உடல்நலம், வருவாய், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய ஆறும் ஆராயப்பட்டே குடும்பங்கள் தெரியப்படுகின்றன. பணம் இடையிலே எவர் கையிலும் தங்காது வங்கிக் கணக்கிற்குச் செல்வது இத்திட்டத்தின் சிறப்பாகும்.

இதனோடு நெற்செய்கையாளருக்குப் பசளைக்கெனத் தனியாக ஒரு பணமும் வழங்கப்பட்டு வந்துள்ளது. 2024/25 பெரும்போகத்தில் அது ஹெக்டெயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 10,000 ரூபா என்க. இவ்விரண்டின் நோக்கமும் வேறு. பசளைப் பணம் வயலின் அளவைப் பார்த்து வருவது. நலன்புரிப் பணம் வீட்டின் வறுமையைப் பார்த்து வருவது. அரை ஏக்கரில் கத்தரியும் மிளகாயும் செய்யும் வறிய குடும்பத்திற்கும், சொந்த நிலமின்றிக் குத்தகைக்குச் செய்யும் குடும்பத்திற்கும் பின்னையதே பெருந்துணையாகும்.

பிற நாட்டுக் கமக்காரர் கண்ட அனுபவம்

வீட்டுச் செலவுக்கென வழங்கப்படும் பணம் வயலுக்கும் பயன்படுமா என்னும் ஐயம் எழலாம். ஆபிரிக்காவிலுள்ள மலாவி நாட்டின் அனுபவம் இதற்கு விடையளிக்கின்றது. அங்கும் சிறு நிலமுடைய கமக்காரரே பெரும்பாலார். சோளமே முதன்மையான உணவு. பயிர் நிலத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் மாதங்களில் வீட்டில் உணவு தீர்ந்துவிடும். அப்போது வறியோர் தம் நிலத்திற் களையை விட்டுவிட்டுப் பிறர் நிலத்திற்குக் கூலிக்குச் செல்வர். இக்கூலி வேலையை அவர்கள் கன்யு என்பர். தம் நிலம் கவனிப்பாரற்று விளைச்சல் குன்றுவதால், அடுத்த ஆண்டும் கூலிக்கே செல்ல நேரிடும்.

2006 இல் அந்நாட்டின் மிச்சின்சி மாவட்டத்தில் மிக வறிய குடும்பங்களுக்கு மாதப் பணம் வழங்கப்பட்டது. பணம் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, பெற்றவர்கள் கன்யு வேலைக்குச் செல்வது குறைந்தமையும், தம் சொந்த நிலத்தில் வேலை செய்வது கூடியமையும் தெரியவந்தன. மண்வெட்டி, கோடரி, அரிவாள் முதலிய கருவிகளையும் ஆடு, கோழிகளையும் அவர்கள் வாங்கினர். பிள்ளைகள் வெளியே வேலைக்குச் செல்வதும் குறைந்தது.

அயல்நாடாகிய சாம்பியாவிலும் இத்தகைய விளைவே காணப்பட்டது. 2010 இல் அங்கு மூன்று மாவட்டங்களிற் சிறு குழந்தைகளையுடைய குடும்பங்களுக்குப் பணம் வழங்கும் திட்டம் தொடங்கிற்று. பயிர் செய்யுமாறு எவரும் அவர்களைப் பணிக்கவில்லை. எனினும், அக்குடும்பங்கள் பயிரிட்ட நிலத்தின் அளவு கூடிற்று. விதைக்கும் பசளைக்கும் கூலியாட்களுக்கும் அவர்கள் செய்த செலவும் கூடிற்று.

மெக்சிக்கோ நாட்டில் 1997 இல் தொடங்கிய திட்டத்திலே, பிள்ளைகளைப் பாடசாலைக்கும் வைத்தியப் பரிசோதனைக்கும் அனுப்பும் தாய்மாரிடம் பணம் கொடுக்கப்பட்டது. கிராமக் குடும்பங்கள் அப்பணத்தை எவ்வாறு பயன்படுத்தின என்பது பற்றி 2012 இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஒவ்வொரு நூறு சதத்திலும் 74 சதம் உணவு முதலிய வீட்டுத் தேவைகளுக்குச் செலவாயிற்று. எஞ்சிய 26 சதம் கால்நடை, நிலம், சிறு தொழில் ஆகியவற்றில் முதலாயிற்று. உதவிப் பணத்தில் நாலிலொரு பங்கு இவ்வாறு மேலும் வருவாய் தரும் முதலாக மாறிற்று.

ஒரு சிறு கணக்கு

காலமறிந்து கிடைக்கும் பணம் அதன் முகமதிப்பிலும் மிகுந்த பயன் தரும். அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

ஒரு ஏக்கரில் 1,500 கிலோகிராம் நாட்டு நெல் விளைந்தது எனக் கொள்க. அறுத்தவுடன் அதன் ஈரப்பதன் நூற்றுக்கு 20 ஆக இருந்தது. களத்திலேயே வியாபாரி கிலோவுக்கு 100 ரூபா கொடுக்கின்றார் எனின், கிடைப்பது 1,50,000 ரூபா. அந்நெல்லைச் சில நாட்கள் வெயிலில் உலர்த்தி ஈரப்பதனை 14 ஆகக் குறைத்தால் நிறை ஏறத்தாழ 1,395 கிலோவாகக் குறையும். 2025 பெப்ருவரியில் அரசாங்கம் அறிவித்த கொள்வனவு விலைகள் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாவும், சம்பாவுக்கு 125 ரூபாவும், கீரிச்சம்பாவுக்கு 132 ரூபாவுமாகும். ஈரப்பதன் 14 இற்கு மேற்படாத நெல்லுக்கே அவ்விலை உரியது. உலர்த்திய நாட்டு நெல்லை அவ்விலைக்கு விற்றால் 1,67,400 ரூபா கிடைக்கும். நிறை குறைந்தபோதிலும் 17,400 ரூபா மிகுதியாகின்றது.

இம்மிகுதி இருந்தும் பலர் ஈர நெல்லையே விற்பதற்குக் காரணம் அறியாமையன்று. கடன்காரர் களத்தில் நிற்கையில் நெல்லைப் பாயில் பரப்பி வெயிலை எதிர்பார்த்திருக்க இயலாது. வீட்டில் அடுப்பெரிவதற்கு வேண்டிய பணம் கையிலிருந்தால் மட்டுமே அந்தச் சில நாட்கள் பொறுத்திருக்க முடியும். 10,000 ரூபா உதவிப் பணம் 17,400 ரூபாவை மீட்டுத் தருவது இவ்வாறே.

வெங்காயம், மிளகாய் செய்வோருக்கும் இது பொருந்தும். ஒரு குடும்பம் 30,000 ரூபாவை நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டிக்கு வாங்கி நான்கு மாதத்தில் திருப்பிக் கொடுத்தால், வட்டி மட்டும் 6,000 ரூபாவாகும். கடனை அரைவாசியாகக் குறைத்தால் 3,000 ரூபா வீட்டில் நிற்கும். அன்றியும், நடுகைக்கு முன்னரே வெங்காயம் இன்ன கடைக்கே கொடுக்கப்படவேண்டும் என்னும் கட்டுப்பாடு நீங்கும். சந்தையில் நல்ல விலை கொடுப்பவருக்கு விற்கும் உரிமை கமக்காரருக்கே வரும்.

சோம்பலும் மதுவும் பெருகுமா?

இலவசமாகப் பணம் கொடுத்தால் உழைப்புக் குன்றும், அப்பணம் மதுவுக்கும் புகையிலைக்குமே செல்லும் என்று கூறுவாரும் உளர். இக்கூற்று ஆராயப்பட்டுள்ளது. பல நாடுகளில் நடைபெற்ற 19 ஆய்வுகளை ஒருங்கே நோக்கி உலக வங்கியின் ஆய்வாளர் இருவர் எழுதிய கட்டுரை 2017 இல் வெளிவந்தது. பணவுதவி காரணமாக மது, புகையிலைச் செலவு பொதுவாகக் கூடவில்லை என்பதே அதன் முடிபு. உழைப்பைப் பொறுத்தவரையில், மலாவியிற் குறைந்தது பிறர் நிலத்துக் கூலியேயன்றித் தம் நிலத்து உழைப்பன்று. தனித்தனி வீடுகளிற் பணம் தவறாகச் செலவாதல் உண்டு. அது அரும்பாடுபட்டு ஈட்டிய பணத்திற்கும் நேர்வதே.

பணத்தால் இயலாதவை

பணவுதவிக்கும் எல்லையுண்டு. 1979 இல் வழங்கப்பட்ட உணவு முத்திரையின் மதிப்பு ரூபாவில் நிலையாக இருந்தது. அரிசி விலையோ ஏறிக்கொண்டே சென்றது. சில ஆண்டுகளிலேயே அம்முத்திரை வாங்கக்கூடிய உணவின் அளவு பெரிதும் குன்றிற்று. 2022 இல் விலைவாசி கடுமையாக உயர்ந்தபோதும், நிலையான தொகையை நம்பியிருந்த குடும்பங்கள் அத்துன்பத்தையே கண்டன. விலையேற்றத்தைத் தழுவித் தொகையும் காலத்துக்குக் காலம் திருத்தப்படாவிடில் உதவி கரைந்துபோகும்.

கடையிற் பொருளில்லையெனின் பணத்தாற் பயனில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பணம் வைத்திருந்தவரும் பசளையின்றித் தவித்தனர். வாய்க்கால் திருத்துதலும், நல்ல விதை விநியோகித்தலும், நோய் பீடைகளைக் கண்டறிந்து போதனை செய்தலும் பணத்தை வங்கியிலிடுவதால் நிறைவேறா.

காலந்தாழ்த்தி வரும் பணம் அரைப் பணமே. பயிர் குடலைப் பருவத்தை அடைந்தபின் கிடைக்கும் பசளைப் பணம் பழைய கடனைத் தீர்க்க உதவுமேயன்றிப் பயிருக்கு உதவாது. உரியவர் விடுபடுதலும் ஒரு குறையாகும். அஸ்வெசும பட்டியல் 2023 இல் வெளியானபோது பல இலட்சம் மேன்முறையீடுகள் வந்தமை இதற்குச் சான்று.

கமக்காரர் குடும்பம் கவனிக்கவேண்டியவை

வங்கிப் புத்தகத்தையும் பணமெடுக்கும் அட்டையையும் கடனுக்கு ஈடாக எக்கடையிலும் கொடுத்தல் ஆகாது. அவ்வாறு கொடுத்த மறுகணமே நேரடிப் பணம் நேரடிப் பணமாக இராது. பழைய கடன் புத்தகத்தின் ஒரு பக்கமாகிவிடும்.

மாதப் பணம் வீட்டின் உணவுக்கே முதலில் உரியது. உணவுக்குப்பின் இயன்றவரை சிறு தொகையை ஒதுக்குதல் நன்று. மாதம் 1,000 ரூபா ஒதுக்கினால், சித்திரையிலிருந்து புரட்டாதி முடிய 6,000 ரூபா சேரும். பெரும்போக விதைப்பின்போது அத்தொகைக்குக் கடன்பட வேண்டியதில்லை.

பசளைப் பணத்தை வீட்டுச் செலவோடு கலவாது வைத்தல் வேண்டும். வயலின் அளவும் செய்கைபண்ணுவோர் பெயரும் கமநல சேவை நிலையத்துப் பதிவில் சரியாக உள்ளனவா என்பதை விதைப்புக்கு முன்னரே நோக்கிக்கொள்ளுதல் அவசியம். குத்தகைச் செய்கையாளர் இதிற் சிறப்பாகக் கவனஞ் செலுத்துதல் தகும்.

தகுதியிருந்தும் பெயர் விடுபட்டவர் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரித்து, அறிவிக்கப்படும் காலத்துக்குள் மேன்முறையீடு செய்தல் வேண்டும். குடும்பத்தில் பிறப்பு, இறப்பு, நோய் முதலிய மாற்றங்கள் நேர்ந்தால் அவற்றையும் உரிய இடத்தில் பதிவுசெய்தல் நன்று.

களத்திலே நெல்லை அவசரமாக அளந்து கொடுக்காது, பாயிற் பரப்பி உலர்த்திப் பொறுத்து விற்கும் வீடுகள் ஒரு கிராமத்தில் எத்தனை என்று அடுத்த அறுவடையின்போது எண்ணிப் பார்க்கலாம். அத்தொகை ஆண்டுதோறும் கூடுமாயின், உதவிப் பணம் தன் வேலையைச் செய்துள்ளது என்பது அதனாலேயே விளங்கும்.