மெரினாவுக்கு மணல், ராயபுரத்துக்குக் கல்

பெரம்பூரில் குடியிருக்கும் ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை மாலை கடற்கரைக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போகும்? சந்தேகமென்ன, மெரினாவுக்குத்தான்! பஸ் பிடித்து, கூட்டத்தில் நசுங்கி, அங்கே போய்ச் சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் உட்காரும். ஆனால் அதே பெரம்பூரிலிருந்து கிழக்கே ஐந்தாறு கிலோமீட்டர் போனாலே கடல் இருக்கிறதே, அங்கே ஏன் போகவில்லை?

போனால் உட்கார முடியாது. காசிமேட்டுக்கு வடக்கே பல இடங்களில் மணலுக்குப் பதில் கருங்கல் பாறைகளைக் குவித்திருக்கிறார்கள். தெற்கே அவ்வளவு மணல், வடக்கே இவ்வளவு கல். இரண்டும் ஒரே கடல், ஒரே கரை. அப்படியானால் இந்த ஓரவஞ்சனை எப்படி வந்தது?

அதற்கு முன்னால் வடசென்னையின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். மேற்கே பெரம்பூரும் வியாசர்பாடியும், பிறகு பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டினால் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, அப்புறம் கடல். கரையோரமாகவே வடக்கே போனால் திருவொற்றியூர், கத்திவாக்கம், கடைசியில் எண்ணூர். அங்கே கொசஸ்தலையாறு கடலில் கலக்கிறது. மேடு பள்ளம் அதிகமில்லாத தாழ்ந்த பூமி. மழைக்காலத்தில் தண்ணீர் எந்த வீட்டுக்குள் நுழையும் என்பதை இங்கே குடியிருக்கும் மாமிகளிடம் கேட்டால், பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்வார்கள்.

இந்த ஊர்களெல்லாம் ஒரே நாளில் பட்டணத்தோடு சேர்ந்தவை அல்ல. கோட்டையில் இருந்த கும்பினியார் தவணை முறையில் வாங்கிச் சேர்த்தவை! 1693-ல் தண்டையார்பேட்டை, புரசைவாக்கம், எழும்பூர். 1708-ல் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி ஆகியவற்றோடு நுங்கம்பாக்கமும். (இன்று அந்த ஐந்தில் மனை விலையைக் கேட்டால் நுங்கம்பாக்கம் மட்டும் தனி ஜாதி என்று தெரியும்.) பெரம்பூர் வந்தது 1742-ல், இன்னும் நான்கு கிராமங்களோடு.

திருவொற்றியூருக்கோ கும்பினியாரெல்லாம் நேற்றுப் பிறந்த பிள்ளைகள். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் கொண்ட கோயில் அது. சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். உன்னை விட்டுப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துவிட்டு, பிறகு ஊர் எல்லையைத் தாண்டியதும் அவருக்குக் கண் பார்வை போயிற்று என்கிறது பெரிய புராணம். மாசி உற்சவத்தில் மகிழடி சேவை என்று அதை இன்றும் கொண்டாடுகிறார்கள். மனைவிக்குக் கொடுத்த வாக்கை மீறிய ஒரு கணவரின் கதையை ஒரு ஊரே வருஷந்தோறும் நினைவு வைத்திருப்பது நம் சகோதரிகளுக்குத் திருப்தியாகத்தான் இருக்கும்!

ராயபுரத்துக்கு வருவோம். துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கடலிலேயே நிற்கும். ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையை மீறிப் போய் ஆளையும் சரக்கையும் கொண்டுவரும். அந்தப் படகுக்காரர்கள் குடியேறிய பேட்டைதான் ராயபுரம். அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். பேதுருவைத் தமிழில் ராயப்பர் என்பார்கள். அவர் பெயரில் கோயில், அந்தப் பெயரிலேயே ஊர். பக்கத்திலேயே 1782-ல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் எழுந்தது. இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் வேர் அதுதான். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று உங்கள் பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயிலும் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான் வாலாஜாவை நோக்கிப் புறப்பட்டது. அந்தக் கட்டிடம் இன்றும் தூண்களோடு நிற்கிறது.

ரயில் வந்ததும் பெரம்பூரின் தலையெழுத்து மாறியது. அதே 1856-ல் அங்கே ரயில் பட்டறை வந்தது. அப்புறம் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள். சங்கு ஊதினால் ஊரே எழுந்திருக்கும். வேலை தேடி வடாற்காட்டிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் தெலுங்கு ஜில்லாக்களிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். ரயில் உத்தியோகத்தில் ஆங்கிலோ இந்தியர்கள் வந்தார்கள். சாப்பிடக்கூடப் போதிய நேரம் தராத அந்த ஆலைகளின் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க.வும் முன்னின்றார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அது. 1955 அக்டோபர் 2-ந் தேதி நேரு வந்து ரயில் பெட்டித் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். ஆலைகள் 1990களில் மூடிவிட்டன. பெட்டித் தொழிற்சாலை நடக்கிறது. வந்தே பாரத் ரயிலின் முதல் வண்டி 2018-ல் அங்கேதான் உருவாயிற்று.

இப்போது அந்த மணல் கதை. படகை நம்பிப் பிரயோஜனமில்லை என்று 1861-ல் கடலுக்குள் ஒரு பாலம் கட்டினார்கள். 1875-ல் துறைமுகத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். கடலுக்குள் இரண்டு கல் கரங்கள் நீண்டன. 1881 நவம்பரில் அடித்த புயல் அவற்றை நொறுக்கிவிட்டது. மனம் தளராமல் மறுபடி கட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் என்ற எஞ்சினீயர் கிழக்கு வாசலை அடைத்து வடகிழக்கில் புது வாசல் திறந்தார். கப்பல்களுக்கு நிம்மதி.

ஆனால் கடல் சும்மா இருக்குமா? வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வரும் அலைகள் மணலைக் கரையோரமாக வடக்கே தள்ளிக்கொண்டே போகின்றன. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொஞ்சம் திரும்பி வரும். வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். வாசல் பெருக்கும்போது குறுக்கே ஒரு மணையைப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் குப்பை குவியும். மறுபக்கம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். துறைமுகம்தான் அந்த மணை. முன்பு கோட்டை மதில்வரை அலை வந்த இடத்தில் மணல் குவிந்து குவிந்து மெரினா அகலமாயிற்று. நாம் உட்கார்ந்து சுண்டல் தின்னும் மணலில் ஒரு பங்கு ராயபுரத்துக்குப் போய்ச்சேர வேண்டியது!

வடக்கே கடல் மணலைக் கொண்டுபோகிறது, திருப்பிக் கொண்டுவந்து போடுவதில்லை. வருஷக்கணக்கில் கரை உள்வாங்கி, மீனவர் குப்பங்களில் வீடுகளும் தெருக்களும் அலையில் போயின. சாலையைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். ஒரு இடத்தில் கல்லைப் போட்டால் கடல் அடுத்த குப்பத்தைக் கரைக்கும். பின்னால் தூண்டில் வளைவுகள் என்று கடலுக்குள் குறுக்குச் சுவர்கள் கட்டினார்கள். சில இடங்களில் மணல் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. இருந்தாலும் கட்டுமரத்தை இழுத்துப் போடவும், வலை காயவைக்கவும், கருவாடு உலர்த்தவும் வெறும் கரை வேண்டும். கல்மேல் கருவாடு உலர்த்தும் பெண்ணுக்கு இந்த எஞ்சினீயர் கணக்கெல்லாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எண்ணூர்? ஒருகாலத்தில் வெள்ளைக்காரர்கள் காற்று வாங்கப் போன இடம். 1806 முதல் கால்வாய் வழியாக விறகும் உப்பும் அங்கிருந்து பட்டணத்துக்கு வந்தன. பிறகு மோட்டார்த் தொழிற்சாலை, அனல் மின் நிலையம், 2001-ல் இன்னொரு துறைமுகம். நமக்கு விளக்கு எரிந்தது. சாம்பல் கழிமுகத்தில் போய்ச் சேர்ந்தது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, ஜனங்கள் வாளியால் மொண்டு எடுத்தார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடியும் எண்ணெய் பரவியது. அந்தச் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்த வேளைக்கு என்ன செய்தார்கள் என்பது எந்தக் கப்பல் கணக்கிலும் வராது.

ஜனத்தொகையைச் சொல்லாமல் விட்டால் ஜாதகம் முடியாது. 1871-ல் சென்னை முழுவதுமே 3,97,552 பேர்தான். 2011-ல் திருவொற்றியூர் மட்டுமே ஏறக்குறைய 2,50,000 பேர்! அதே வருஷம் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மாநகராட்சியோடு சேர்ந்தன. தமிழரும் தெலுங்கரும் மட்டுமல்ல. ராயபுரத்தில் 1910-ல் கட்டிய பார்சிகளின் அக்கினிக் கோயில் இருக்கிறது, பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த ‘அத்தோ’ தள்ளுவண்டியில் மணக்கிறது.

கார்த்திகைப் பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் போங்கள். வருஷம் முழுவதும் கவசம் சாத்தியிருக்கும் ஆதிபுரீசுவரரை அந்த மூன்று நாள்தான் கவசமில்லாமல் தரிசிக்கலாம். தரிசனம் முடிந்ததும் சந்நிதித் தெருவழியே கிழக்கே நடந்து போய்க் கடலைப் பாருங்கள். கல்லின்மேல் ஏறித்தான் பார்க்க வேண்டியிருக்கும். குழந்தைகளின் கையை விட்டுவிடாதீர்கள், பாசி வழுக்கும்.